பின்னச்சின் இடைத்தகடு

தமிழாசிரியன் ஒருவன் மோட்டார் வண்டியின் பின்னச்சைக் குறித்து எழுதப் புகுந்தமை கண்டு இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். தேரின் அச்சாணியையும், பாரமிகுதியால் அச்சு முறிதலையும் வள்ளுவர் உவமையாக எடுத்தாண்டார் ஆதலின், அச்சு என்பது தமிழ்ப் பாடத்துக்கு முற்றும் புறம்பானதன்று. அன்றியும், யான் இங்கே கூறுவது நூலிற் படித்த செய்தி மாத்திரமன்று. என் அவசரத்தால் ஒரு நற்பொருளைக் கெடுத்து, அதன் பின்னர்க் கற்றுக்கொண்ட பாடமுமாகும். கெட்டபின் கற்றதனைப் பிறர் கெடுமுன் கூறுதல் ஆசிரியன் கடமை எனக் கருதியே இதனை எழுதுகின்றேன்.

எங்கள் வீட்டில் நிற்பது 1958 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் 1000 என்னும் கார். அலெக் இசிகோனிஸ் என்பார் அமைத்த இவ்வினம் 1948 ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார் காட்சியில் முதன்முதல் வெளிவந்தது. 1960 டிசெம்பரில் பத்து இலட்சமாவது வண்டி ஆலையினின்று வெளிப்பட்டது. பிரித்தானியக் கார் இனங்களுள் அவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. 1971 இல் உற்பத்தி நின்றபோது ஏறக்குறையப் பதினாறு இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டிருந்தன.

என் தந்தையார் எங்கள் காரைப் பழைய வண்டியாக வாங்கி, வாடகைக்கு ஓட்டி எங்களை வளர்த்தார். 1990 ஆம் ஆண்டு தொடக்கம் வடபகுதிக்குப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வருதல் தடைப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்து ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியமையை நாற்பது வயதைக் கடந்தோர் மறந்திருக்கமாட்டார்கள். சிறிது பெற்றோலை விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். யான் அப்போது பள்ளிச் சிறுவன். அக்காலம் முழுவதும் அக்காரின் பின்னச்சு ஆலையிலிருந்து வந்த பற்சில்லுகளோடேயே ஓடியது. போரும் தடையும் கெடுக்காத அவ்வச்சை 2014 ஆம் ஆண்டில் யான் கெடுத்தேன். அது நிகழ்ந்த விதத்தைக் கூறுமுன் இடைத்தகடு என்பது இன்னதென விளக்குதல் முறையாம்.

இடைத்தகடாவது யாது?

இயந்திரத்தின் சுழற்சி, வண்டியின் அடியிற் செல்லும் நீண்ட தண்டின் வழியே பின்னச்சின் நடுவிலுள்ள பெட்டியை அடைகின்றது. டிபரன்சியல் என வழங்கும் அப்பெட்டியினுள்ளே பினியன் என்னும் சிறு பற்சில்லு, கிரவுண் வீல் என்னும் பெரிய பற்சில்லைச் சுழற்றுகின்றது. எங்கள் காரில் பினியனுக்குப் பற்கள் 9. பெரிய சில்லுக்குப் பற்கள் 41. எனவே பினியன் 4.555 முறை சுற்றினால் பெரிய சில்லு ஒருமுறை சுற்றும். ஒன்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் ஒன்றையன்றிப் பொதுக் காரணி இல்லை. ஆதலின் பினியனின் ஒவ்வொரு பல்லும் பெரிய சில்லின் எல்லாப் பற்களையும் சந்தித்த பின்னரே தான் முதலிற் சந்தித்த பல்லை மீண்டும் அடைகின்றது. இவ்வாறு இரண்டும் ஒன்றுக்கொன்று இணங்கத் தேய்கின்றன. ஆலையிலேயே அவற்றைச் சோடி சேர்த்து, ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புவர். ஒரு சோடியின் பினியனை மற்றொரு சோடியின் சில்லோடு கூட்டுதல் ஆகாது.

இப்பற்கள் ஒன்றையொன்று அளவுக்கு மேல் நெருக்கின், இடையிலுள்ள எண்ணெய்ப் படலம் பிழிந்து அகலும், வெப்பம் மிகும், பல் உரசிக் கெடும். அளவுக்கு மேல் விலகின், விசை ஏறும்போதும் இறங்கும்போதும் பல்லோடு பல் மோதும். எனவே அவற்றினிடையே குறித்த அளவு வெளி இருத்தல் வேண்டும். இதனைப் பல்லிடை வெளி எனலாம். அது அங்குலத்தின் ஆயிரத்தில் சில கூறுகளே. ஆயிரத்தில் ஒரு கூறு என்பது 0.0254 மில்லிமீற்றர். நாம் எழுதும் சாதாரணத் தாள் ஒன்றன் கனம் ஏறக்குறைய அத்தகைய நான்கு கூறுகள் என்றால், அவ்வளவின் நுண்மை விளங்கும்.

பெட்டியும், பேரிங்கும், பற்சில்லும் தனித்தனியே செய்யப்படுவன. எத்துணைக் கவனமாகச் செய்யினும் ஒவ்வொன்றிலும் சிறு வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடுகள் ஒருங்கு கூடும்போது உண்டாகும் குறையை நிரப்புதற்கு இடையிலே வைக்கும் மெல்லிய உருக்கு வளையத்தையே ஷிம் என்பர். யான் அதனை இடைத்தகடு என வழங்குகின்றேன்.

இலக்கணம் கற்றோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். உயிரீற்றுச் சொல்லின்முன் உயிர்முதற் சொல் வரின் இரண்டும் நேரே பொருந்தா. நடுவே யகரமோ வகரமோ தோன்றி அவற்றைப் பொருத்தும். மணி என்பதன்முன் அழகு வர மணியழகு என்றாகும். திரு என்பதன்முன் அருள் வரத் திருவருள் என்றாகும். உடம்படுமெய் எனப்படும் அவ்வெழுத்துக்குத் தனிப்பொருள் இல்லை. ஆயினும் வரவேண்டியது யகரமா வகரமா என்பதை நிலைமொழியின் ஈறே வகுக்கின்றது. எழுதுவோனின் விருப்பம் வகுப்பதில்லை. மணிவழகு என எழுதுவோன் இரு சொற்களையும் சேர்த்தவன் ஆகான். பிழை செய்தவனே ஆவான். இடைத்தகடும் அத்தகையதே. தன்னளவில் அஃது ஒரு தொழிலும் செய்வதில்லை. அதன் கனத்தை இருபுறத்து உறுப்புகளே வகுக்கின்றன. பொருத்துவோன் தன் மதிப்பினால் வகுத்தல் கூடாது.

பின்னச்சில் இத்தகடுகள் வெவ்வேறு பணிக்காக இடம்பெறும். பினியனின் தலைக்கும் அதன் பேரிங்குக்கும் இடையிலுள்ள கனத்த வளையம், பினியன் எவ்வளவு உட்சென்று நிற்கவேண்டும் என்பதை உறுதி செய்கின்றது. பினியனின் இரு பேரிங்குகளும் தக்க இறுக்கத்தோடு சுழலும்படி, சில அச்சுகளில் இடைத்தகடுகளும், சிலவற்றில் இறுக்கும்போது நெரிந்தமையும் குழலும் அமைந்திருக்கும். பெரிய சில்லைத் தாங்கும் கூட்டின் இருபுறத்துப் பேரிங்குகளின் அருகிலுள்ள தகடுகள் அச்சில்லை வலமோ இடமோ நிறுத்துகின்றன. ஒருபுறத்துத் தகட்டை எடுத்து மறுபுறத்திலிடின் சில்லு இடம்பெயரும். இருபுறத்துக் கனத்தின் கூட்டுத்தொகை மாறாமையின் பேரிங்குகளின் இறுக்கம் மாறாது. கூட்டுத்தொகை மாறின் இறுக்கமும் மாறும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாதவன் அச்சைத் திறத்தல் நன்றன்று.

என் பிழை

2014 ஆம் ஆண்டில் எங்கள் கார் புறப்படும்போதும், கியர் மாற்றும்போதும், பின்புறத்தில் ‘டொக்’ என்னும் ஒலி எழுந்தது. பின்புறத்தில் எழுந்தமையின் அது பற்சில்லின் தேய்வே என யான் முடிவு செய்தேன். அயலிலுள்ள மெக்கானிக் ஒருவர் முதலில் தண்டைக் கழற்றிப் பார்ப்போம் என்றார். பாடசாலை விடுமுறை முடிதற்குள் வேலை முடிய வேண்டும் என யான் அவரை நெருக்கினேன். பெரிய சில்லின் ஒருபுறத்துத் தகட்டை மறுபுறத்துக்கு மாற்றி, பால்மாப் பேணியில் வெட்டிய வளையம் ஒன்றையும் அதனோடு சேர்த்தோம். ஒன்றனையும் அளந்திலேம். ஒலி சிறிது குறைந்தது. அக்குறைவே எங்களை ஏமாற்றியது.

சில வாரங்களில் அச்சிலிருந்து ஒரு முனகல் எழுந்து நாள்தோறும் வளர்ந்தது. ஒருநாள் கொடிகாமத்திலிருந்து திரும்பும் வழியில் ஏதோ முறிந்தாற்போல் ஓரொலி கேட்டது. வண்டியை இழுத்துவந்து அச்சின் எண்ணெயை வடித்தபோது, அதனோடு உருக்குத் துகள்கள் மின்னிக்கொண்டு இறங்கின. பினியனின் பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருந்தது. பேணித் தகடு கசங்கிக் கிழிந்து பேரிங்கினருகே கிடந்தது. அதனினும் வருந்தத்தக்கது பின்னர்த் தெரிந்தது. நீண்ட தண்டைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் பின்முனையிலுள்ள யூனிவேர்சல் ஜொயின்ற் முற்றும் தேய்ந்து, உள்ளிருந்த ஊசி உருளைகள் துருப்பொடியாய் உதிர்ந்தன. முதலில் எழுந்த ஒலி அதிலிருந்தே வந்தது. சிறு விலையில் கிடைக்கும் ஒரு பாகத்தை மாற்றாமையால், மீண்டும் பெறற்கரிய ஒரு சோடியை இழந்தோம்.

அப்போது என் தந்தையார் உயிரோடிருந்தார். அவர் சினந்தாரல்லர். உடைந்த பற்றுண்டைக் கையில் வாங்கிப் பார்த்து, “சத்தம் எங்கையிருந்து வருகுதெண்டு முதலிலை பாத்தியோ, தம்பி?” என்று மாத்திரம் கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை.

குறி காணல்

ஆதலின் முதற்பாடம், நோயின் இடத்தைக் காண்டல். வண்டியின் பின்புறத்தை உயர்த்தி, ஜக்கை மாத்திரம் நம்பாது உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, முன்சில்லுகளுக்குக் கட்டை கொடுத்தல் வேண்டும். பின்னர் நீண்ட தண்டைக் கையாற் பிடித்து இருபுறமும் மெல்லத் திருப்பிப் பார்க்கலாம். ஜொயின்றின் இரு கவைகளும் ஒன்றையொன்று விட்டு அசையின் குற்றம் அங்கே உள்ளது. அவை ஒருங்கே திரும்பியும் பின்சில்லு அசையாது நின்றால், அவ்வசைவு பற்சில்லின் வெளியும் அச்சுத்தண்டு முனைகளின் தளர்வும் கூடியது. எந்த வண்டியிலும் சிறிது அசைவு இருத்தல் இயல்பே. சில்லுகளின் நட்டுகள் தளர்ந்திருப்பினும் இத்தகைய ஒலி எழும். அவற்றையும் பார்த்தல் வேண்டும்.

முனகல் வகையும் குறி காட்டும். விசை கொடுக்கும்போது மாத்திரம், அல்லது விசையை விடும்போது மாத்திரம் எழும் முனகல், பற்கள் பொருந்தும் இடம் பிழையென்பதைக் காட்டக்கூடும். விசை எவ்வாறாயினும் ஒரே தன்மையாய் உறுமும் ஒலி பெரும்பாலும் பேரிங்கிலிருந்து வரும். வளைவிலே திரும்பும்போது ஒலி மாறின், சில்லின் பேரிங்கை ஐயுறலாம். தேய்ந்து வடிவிழந்த பல்லை எந்த இடைத்தகடும் மீட்காது. தகடு பல்லை உரிய இடத்தில் நிறுத்தவல்லது. போன உருக்கைத் திரும்பக் கொடுக்கவல்லதன்று.

தேடலும் ஆக்கலும்

உடைந்த சோடிக்கு மாற்றாக, வேலியோரத்தில் பல ஆண்டு நின்ற ஒரு பழைய மைனரின் அச்சை விலைக்கு வாங்கினேன். தென்னிலங்கையில் செய்யப்பட்ட மைனர் பாகங்கள் பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியான வரலாறும் உண்டு. ஆயினும் ஓர் அச்சுக்குரிய தகட்டுக் கனத்தை எந்தக் கடையும் முன்னறிந்து விற்க இயலாது. கழற்றும்போது இடப்புறத்துத் தகடுகளையும் வலப்புறத்துத் தகடுகளையும் வெவ்வேறு கம்பியிற் கோத்து, பெயரெழுதித் தொங்கவிட்டோம். பழைய தகடுகள் இழந்தால் தொடக்கப் புள்ளியையே இழப்போம்.

இம்முறை வேலையைச் செய்தவர், முன்பு என்னிடம் தமிழ் பயின்று, இப்போது கடைச்சற் பட்டறை நடத்தும் ஒருவர். பேரிங்குகள் தேய்ந்திருந்தமையின் புதியவை வாங்கினோம். அவர் மைக்ரோமீற்றரால் அளந்தபோது, ஒருபுறத்துப் புதிய பேரிங் பழையதைவிட ஆயிரத்தில் மூன்று கூறு அகலங் குறைந்திருந்தது. அப்புறத்தில் முன்பிருந்த தகட்டின் கனம் எட்டு. எனவே வேண்டியது பதினொன்று. எங்களிடம் இருந்த தகடுகளோ எட்டும் ஐந்தும், கூட்டினால் பதின்மூன்று. இரண்டு கூறு மிகையால் என்ன வந்துவிடும் என்றேன்.

அவர் சிரித்தார். “சேர், கட்டுரையிலை ஒரு ஒற்றெழுத்து விட்டாலும் எங்களுக்குப் புள்ளி குறைச்சனீங்கள். இதிலை ரண்டு கூடினால் பரவாயில்லை எண்டு நீங்கள் சொல்லலாமோ?” என்றார். யான் வாய்மூடினேன்.

பின்பு அவர் செய்த முறை வருமாறு. எட்டுக் கூறு கனமுள்ள வளையத்தை, சமதளமான உருக்குக் கட்டையின்மேல் மெழுகினால் ஒட்டினார். தடித்த கண்ணாடியின்மேல் மிக நுண்ணிய எமரித்தாளைப் பரப்பி, மண்ணெண்ணெய் தெளித்து, எட்டு என்னும் எண்ணை எழுதுவதுபோல் கட்டையை மெல்ல நகர்த்தித் தேய்த்தார். சிறிது தேய்த்தபின் மெழுகை உருக்கி வளையத்தை எடுத்து, துடைத்து, நான்கு இடங்களில் அளந்தார். ஓரிடம் கனத்தும் ஓரிடம் மெலிந்தும் இருப்பின் சில்லு சாய்ந்து நிற்கும். நான்கிடத்தும் ஆறு என்னும் அளவு வரும்வரை அவ்வேலையை மீண்டும் மீண்டும் செய்தார். அதனோடு ஐந்தைச் சேர்க்கப் பதினொன்று நிறைந்தது.

புதிதாக வளையம் வெட்டவேண்டின், கனம் குறித்து விற்கும் உருக்குத் தகட்டை வாங்குதல் நன்று. மெல்லிய தகட்டைத் தனியே துளைத்தால் அது கிழியும், ஓரம் மடியும். பல துண்டுகளை அடுக்கி, இரு கனத்த இரும்புத் தட்டுகளின் நடுவே போல்ற்றால் இறுக்கி, லேத்தில் ஏற்றி உள்வட்டத்தையும் வெளிவட்டத்தையும் கடைதல் வேண்டும். அவ்வாறு செய்யின் ஒரே முறையில் பல வளையங்கள் நேர்த்தியாகக் கிடைக்கும். ஓரத்தில் நிற்கும் பிசிறை நுண்ணிய கல்லால் நீக்குதல் இன்றியமையாதது. ஆயிரத்தில் ஒரு கூறு உயர்ந்த பிசிறு, அளந்த அளவைப் பொய்யாக்கிவிடும்.

ஆகாத பொருள்களையும் கூறுதல் வேண்டும். பேணித் தகடும், குளிர்பானக் கலத்தின் அலுமினியமும் பாரந் தாங்கும் இடத்தில் நசுங்கும். தாளும் தக்கையும் எண்ணெயில் ஊறி அழியும். சவர அலகும் பீலர் கேஜின் இதழும் நல்ல உருக்கே. ஆயினும் ஒடுங்கியவை ஆதலின் அவற்றில் முழு வளையம் வெட்ட இயலாது. துண்டுதுண்டாய்ச் செருகின் பேரிங் ஒருசார் சாயும். மெல்லிய தகடுகள் பலவற்றை அடுக்குவதும் நன்றன்று. அவற்றின் நடுவே அழுக்கும் எண்ணெயும் தங்கி, அடுக்கு வில்போல் நெகிழும். இயன்றவரை கனத்த தகடு ஒன்று அல்லது இரண்டால் அளவை நிறைத்தலே முறை.

பொருத்திச் சரிபார்த்தல்

அளவு கணக்கிட்டு இட்டதனால் வேலை முடிந்ததெனக் கருதலாகாது. பெரிய சில்லுகள் பலவற்றின் மேல் அச்சோடிக்குரிய பல்லிடை வெளி பொறிக்கப்பட்டிருக்கும். பினியனை அசையாது பிடித்து, டயல் கேஜின் முனையைப் பெரிய சில்லின் பல்லிலே நிறுத்தி, சில்லை முன்னும் பின்னும் அசைத்தால் அவ்வெளியை வாசிக்கலாம். ஓரிடத்தில் மாத்திரமன்றிச் சுற்றிலும் பல இடங்களில் வாசித்தல் வேண்டும்.

அடுத்து, சில பற்களில் நீலமை பூசிச் சில்லைச் சிறிது தடுத்துப் பிடித்துக்கொண்டு சுழற்றினால், பற்கள் தொட்ட இடம் தடமாய்த் தெரியும். முன்னாளில் இதற்குச் செவ்வீயம் பூசுவர். அது நஞ்சுடையதாதலின் நீலமையே நன்று. தடம் பல்லின் நடுவே அமையின் பொருத்தம் சரி. பல்லின் உச்சியோரம் விழுந்தால் பினியன் வெளியே நிற்கின்றது. அதன் தலையின் கீழுள்ள வளையம் கனத்தல் வேண்டும். பல்லின் அடியில் ஆழ்ந்து விழுந்தால் பினியன் மிக உட்சென்றுள்ளது. அவ்வளையம் மெலிதல் வேண்டும். பல்லின் உள்முனையில் விழுந்தால் பெரிய சில்லைப் பினியனை விட்டு விலக்கவும், வெளிமுனையில் விழுந்தால் அதனை நெருக்கவும் வேண்டும். ஒன்றை மாற்றின் மற்றதுவும் சிறிது மாறும் ஆகையால், ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் மீண்டும் அளத்தல் வேண்டும்.

எங்கள் அச்சை அவர் ஆறுமுறை கழற்றிப் பொருத்தினார். ஏழாம் முறை தடம் பல்லின் நடுவே விழுந்தது. உரிய தொண்ணூறாம் எண் ஹைப்போயிட் எண்ணெயைப் புதிதாக விட்டு, பாரமின்றிச் சில மைல் மெல்ல ஓட்டி, நிறுத்தி, அச்சுப் பெட்டியைக் கையாற் தொட்டுப் பார்த்தோம். இளஞ்சூடு மாத்திரமே இருந்தது. முனகல் இல்லை. புதிய ஜொயின்ற் இட்டமையின் ‘டொக்’ என்னும் ஒலியும் இல்லை. என் தந்தையாரைப் பின்னிருக்கையில் இருத்தி நல்லூர்வரை சென்று திரும்பினோம். அவர் போகும்போதும் வரும்போதும் ஒன்றும் பேசாது செவிசாய்த்திருந்தார். வீட்டு வாயிலில் இறங்கும்போது என் மாணவரின் தோளைத் தட்டினார்.

தந்தையார் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கார் இன்றும் ஓடுகின்றது. உடைந்த பற்றுண்டு என் மேசைமேல், மாணவரின் கட்டுரைக் கொப்பிகளின் அருகே இருக்கின்றது. ஊகத்தால் எழுதப்பட்ட விடையைச் சிவப்பு மையால் அடிக்கும்போதெல்லாம் அது என் கண்ணிற் படும். அப்போது, ஏன் அடித்தேன் என்பதையும் அம்மாணவனுக்கு ஓரிரு வரி எழுதிவிடுகின்றேன். பழைய பொருளைக் காக்க விரும்பும் அன்பர்களுக்கும் அவ்வரிகளையே கூறுவேன்: முதலில் இடத்தைக் காண்க, அடுத்து அளக்க, அதன் பின்னரே தகட்டை வெட்டுக.